கடைத் தோட்டாவா, கையால் நிரப்பியதா: வேட்டை ரைபிளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

"என் ரைபிள் 100 மீட்டரில் 5 சென்டிமீட்டர் குரூப் போடுகிறது. பிரஸ், டை எல்லாம் வாங்கி நானே தோட்டா நிரப்பட்டுமா, இல்லை விலை கூடிய கடைத் தோட்டாவுக்கு மாறினால் போதுமா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. ஆளுக்கு ஆள் அந்தச் சென்டிமீட்டர் மட்டும்தான் மாறும். கேட்பவர்கள் பலர் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், எந்த பிரஸ் வாங்கலாம் என்பதுதான் அவர்களுடைய அடுத்த வரி. நான் பல வருடங்களாகக் கையால் நிரப்பித்தான் சுடுகிறேன். அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். அப்படியிருந்தும், கேட்கிற எல்லோரிடமும் "ஆரம்பியுங்கள்" என்று நான் சொல்வதில்லை. குறி துல்லியமாக வேண்டும் என்பது மட்டுமே காரணமென்றால், பலருக்கு அது தேவையில்லாத சுற்றுவழி.

சொற்களில் குழப்பம் வராமல் இருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூடு (பித்தளை உறை), பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைப்பது), மருந்து (வெடிமருந்து), குண்டு நான்கும் சேர்ந்ததைத் தோட்டா என்கிறேன். பறந்துபோய் விலங்கைத் தொடுவது குண்டு. ஒரே குறியில் சுட்ட சில குண்டுகள் காகிதத்தில் எவ்வளவு அகலத்தில் விழுகின்றன என்பது குரூப். பிரஸ், டை இரண்டும் தோட்டா நிரப்பும் கருவிகள். வேட்டைக்கும், மருந்து வாங்கி வைத்திருப்பதற்கும் சட்டப்படி உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தக் கட்டுரை.

## எதை வைத்து அளப்பது

பெஞ்சில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்ட குரூப்பின் அகலம்தான் எல்லோரும் முதலில் பார்ப்பது. என் பட்டியலில் அது முதலிடத்தில் இல்லை. காட்டில் ஒரு விலங்கின் மேல் சுடக் கிடைப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் ஆறிய குழலிலிருந்து. அந்த முதல் குண்டு, குறி வைத்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது? ஒரு வாரம் கழித்துச் சுட்டாலும் அங்கேயே விழுகிறதா? இதுதான் முதல் அளவுகோல்.

இரண்டாவது, இலக்கின் அளவு. நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்ப்பகுதியை 20 செ.மீ. வட்டமாக எடுத்துக்கொள்வது வழக்கம். சின்ன மான் இனங்களுக்கு 15 செ.மீ., அதற்கும் குறைவாகக்கூட வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் சுடும் அதிகபட்சத் தூரத்தில் உங்கள் தோட்டா அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும், உங்கள் கை ஆட்டத்துக்கும் அதில் இடம் மிச்சமிருக்க வேண்டும்.

மூன்றாவது, குண்டு உள்ளே போன பிறகு என்ன செய்கிறது. விரியும் குண்டுகள் பலவற்றுக்குத் தாக்கும்போது நொடிக்கு 550 முதல் 600 மீட்டர் வேகமாவது தேவை. அதற்குக் கீழே போனால் விரியாமல் ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். மிக அருகில், மிக வேகமாகத் தாக்கினால் மென்மையான குண்டு மேலேயே சிதறிவிடலாம். காகிதத்தில் அழகான குரூப் போட்டுவிட்டு விலங்கைக் காயத்தோடு ஓடவிடும் குண்டை நான் துல்லியமான குண்டு என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது நம்பகம்: மழையிலும் குளிரிலும் மாகசினிலிருந்து தடங்கலில்லாமல் ஏறி வெடிக்க வேண்டும். பிறகு, அடுத்த வருடமும் அதே தோட்டா கிடைக்குமா என்பது. கடைசியாக நேரம், பணம், பாதுகாப்பு. இவற்றைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இவைதான்.

## மூன்று குண்டுக் குரூப் சொல்லும் பொய்

தோட்டாக்களை ஒப்பிடும் முன், ஒப்பிடும் முறையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதில் தவறினால் மற்ற எதைச் சொல்லியும் பயனில்லை.

குண்டுகள் சிதறும் விதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு ரைபிளும் தோட்டாவும் சேர்ந்து, மூன்று குண்டுக் குரூப்பில் சராசரியாக 25 மி.மீ. போடுகின்றன என்று வையுங்கள். எதையும் மாற்றாமல் ஐந்து குண்டு சுட்டால் சராசரி ஏறக்குறைய 32 மி.மீ. ஆகும். பத்து குண்டு சுட்டால் 40 மி.மீ. ரைபிள் கெட்டுப்போகவில்லை, கை தளரவும் இல்லை. அதிகம் சுடச் சுட ஓரத்தில் விழும் குண்டுகளும் வந்து சேர்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். அதே ரைபிளில் அதே தோட்டாவை வைத்து மூன்று குண்டுக் குரூப் எட்டு சுடுகிறீர்கள். அவற்றில் மிகச் சிறியது 12 மி.மீ. அளவிலும் மிகப் பெரியது 38 மி.மீ. அளவிலும் இருப்பது சாதாரணம். ஒரே தோட்டா, ஒரே நாள், வெறும் தற்செயல்! இப்போது அந்த எட்டுக் குரூப்புக்கும் எட்டு விதமான மருந்தளவு என்று பெயர் போட்டிருந்தால் என்ன நடக்கும்? 12 மி.மீ. போட்ட அளவை "ரைபிளுக்குப் பிடித்த அளவு" என்று நோட்டில் எழுதிவைத்துவிடுவோம். அடுத்த வாரம் அதே அளவு 30 மி.மீ. போடும்போது காற்றைக் குறை சொல்வோம்.

நான் இரண்டு பருவம் இப்படித்தான் ஓட்டினேன். கையால் நிரப்பிய தோட்டாவில் ஒரு நாள் 20 மி.மீ., மறுநாள் 50. குண்டை எவ்வளவு ஆழம் உட்கார வைப்பது என்று அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் ஸ்கோப் மவுண்டின் (குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் பகுதி) முன் திருகு ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது. அத்தனை மருந்தும் பிரைமரும் வீணாகப் போனதைவிட, அந்த நிலையில் இருந்த ரைபிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறேன் என்ற நினைப்புதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

ஆகவே எந்தத் தோட்டாவையும் எடைபோட, ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து குண்டு சுட்டுப் பாருங்கள். ஒரே நாளில் சுட வேண்டுமென்பதில்லை. குழலை ஆறவிட்டு, இரண்டு மூன்று நாளில், ஒரே காகிதத்தை மறுபடி மறுபடி மாட்டிச் சுட்டாலும் சரி. அப்படிச் செய்தால் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மண்டியிட்டுச் சுடும்போது உங்கள் கையாட்டம் 100 மீட்டரில் 12 செ.மீ. என்றும் ரைபிளின் சிதறல் 5 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். மொத்தம் 13 செ.மீ. வருகிறது. தோட்டாவை மாற்றி ரைபிளின் சிதறலைப் பாதியாக, 2.5 செ.மீ. ஆகக் குறைத்துவிட்டால்? 12.3 செ.மீ. இத்தனை மெனக்கெட்டதற்குக் கிடைத்த லாபம் 7 மி.மீ. அதே ஆள் முக்காலி ஊன்றி, கையாட்டத்தை 6 செ.மீ. ஆக்கிக்கொண்டால், பழைய தோட்டாவிலேயே மொத்தம் 8 செ.மீ.க்கு இறங்கிவிடும்.

## வழி 1: சாதாரணக் கடைத் தோட்டா

ஈயக் குண்டின் மேல் தாமிர உறை போட்ட, முனை மென்மையான குண்டு வைத்தது. பெரும்பாலான ரைபிள்களோடு மக்கள் முதலில் வாங்குவது இதைத்தான்.

துல்லியத்தில் இதற்கு உள்ள கெட்ட பெயர் முழுக்க நியாயமானது இல்லை. ஒரு பிராண்டு 6 செ.மீ. போடும் ரைபிளில் இன்னொரு பிராண்டு 3 செ.மீ. போடுவதை நிறையப் பார்க்கலாம். குண்டின் எடை, வடிவம், வேகம் இவற்றோடு குழலின் சுருள்வரி (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரி) எப்படி ஒத்துப்போகிறது என்பது ஒவ்வொரு ரைபிளுக்கும் வேறு. ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைபிள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும். அதனால் "சாதாரணத் தோட்டா என் ரைபிளில் சரிவரவில்லை" என்று ஒருவர் சொன்னால், எத்தனை விதம் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்பேன். ஒன்றே ஒன்று என்பதுதான் பெரும்பாலும் பதில்.

இதன் மறைந்த செலவு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாற்றம். தொழிற்சாலைகள் மருந்தை மொத்தமாக வாங்குகின்றன. ஒவ்வொரு லாட்டுக்கும் அழுத்தமும் வேகமும் அளந்து, மருந்தின் எடையைச் சரிசெய்துகொள்கின்றன. அதனால் ஒரே பெயர், ஒரே பெட்டி என்றாலும் அடுத்த லாட்டின் குறி இரண்டு மூன்று செ.மீ. நகரலாம். பிடித்த லாட் கிடைத்தால் அந்த எண்ணைப் பார்த்து அதிலேயே சில பெட்டிகள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டி மேல் போட்டிருக்கும் வேகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். .308 வின்செஸ்டர் போன்ற தோட்டாக்களுக்கு அந்த எண் பெரும்பாலும் 610 மி.மீ. சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 510 மி.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 30 மீட்டர் குறைவாக எதிர்பார்க்கலாம்.

200 மீட்டருக்குள் சுடுபவர்களுக்கும், வருடத்துக்கு இரண்டு மூன்று பெட்டிக்கு மேல் செலவழிக்காதவர்களுக்கும் இதைத் தாண்டி யோசிக்கக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

## வழி 2: உயர்தரக் கடைத் தோட்டா

இங்கே கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் குண்டுக்குத்தான் போகிறது என்பது என் கணிப்பு. உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டு, நடுவே தடுப்பு வைத்த குண்டு, முழுக்கத் தாமிரத்தில் கடைந்த குண்டு என்று வகைகள் உண்டு. நடுவே தடுப்பு வைக்கும் யோசனை ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரருடையது. 1946-இல் கனடாவில் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டபோது குண்டு ஆழமாகப் போகாமல் மேலேயே உடைந்துபோனது. அதன் பிறகு அவர் உருவாக்கிய பார்ட்டிஷன் குண்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது. காகிதத்தில் குரூப் சரியில்லை என்பதற்காக அது பிறக்கவில்லை.

ஆக, உயர்தரத் தோட்டா வாங்கினால் குரூப் சுருங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில ரைபிள்களில் சுருங்கும், சிலவற்றில் பெரிதாகும். விலை கொடுத்து வாங்குவது குண்டின் நடத்தையை: கெட்டியான எலும்பு, பெரிய விலங்கு, கோணலான சூடு ஆகியவற்றுக்கு நடுவிலும் அது ஒழுங்காக வேலை செய்யும் என்ற நம்பிக்கையை.

தாமிரக் குண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது இனி விருப்பத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயம் கலந்த தோட்டா கூடாது. டென்மார்க்கில் 2024 ஏப்ரல் 1 முதல் ரைபிள் வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை. ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.34 கிராம், தாமிரத்துக்கு 8.96. அதனால் அதே எடைக்குத் தாமிரக் குண்டு நீளமாக இருக்கும். நீளக் குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுருள், அதாவது குறைந்த நீளத்திலேயே ஒரு சுற்று முடியும் சுருள்வரி தேவை. பழைய ரைபிளில் சுருள் மெதுவானது என்றால், கனமான தாமிரக் குண்டு எவ்வளவு விலை கொடுத்தாலும் குரூப் போடாது. ஒரு படி எடை குறைந்த குண்டுக்கு இறங்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வேகமும் கூடுவதால் விரிவதற்கும் அது உதவி.

மறைந்த செலவு ஒன்று இங்கே இருக்கிறது: விலை அதிகம் என்பதால் பழகச் சுட மனம் வராது. ஒரு பெட்டி வாங்கி, ஐந்து குண்டில் ஜீரோ (குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைத்தது) சரிபார்த்து, மிச்சத்தை மூன்று வருடம் வைத்திருப்பவர்களைத் தெரியும். பழகுவதற்கு மலிவான தோட்டாவும் வேட்டைக்கு இதுவுமாக வைத்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று எண்ணிவிடக் கூடாது. வேட்டைக்குப் போகும் முன், எடுத்துப்போகும் தோட்டாவிலேயே ஜீரோவைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

## வழி 3: கையால் நிரப்புவது

இதன் உண்மையான பலம், நான்கு பொருளையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது. உங்கள் சுருளுக்கு ஏற்ற குண்டு, உங்கள் குழல் நீளத்துக்கு ஏற்ற மருந்து, ஒரே லாட் கூடுகள், உங்கள் ரைபிளின் அறைக்கு (குழலில் தோட்டா உட்காரும் இடம்) ஏற்ற அளவு. கடைத் தோட்டா எல்லா ரைபிளிலும் நுழைய வேண்டும் என்பதால் எல்லாவற்றிலும் நடுவாந்தரமாகச் செய்யப்படுகிறது.

இருந்தாலும் வேட்டை ரைபிளில் அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு. குண்டைச் சுருள்வரி தொடங்கும் இடத்துக்கு அருகில் வரும்படி நீட்டி உட்கார வைத்தால் குரூப் சுருங்கும் என்பார்கள். பெஞ்ச் போட்டிக்காரர்களுக்கு அது சரி. .308-இல் தோட்டாவின் மொத்த நீளத்துக்கு விதித்த உச்ச அளவு 71.12 மி.மீ., பல மாகசின்களில் அதைவிட நீளமாக நுழையாது. மாகசினில் இடமிருந்தாலும், குண்டு சுருள்வரியைத் தொட்டுக்கொண்டு நின்றால் அழுத்தம் ஏறும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டு, மருந்து முழுவதும் உள்ளே கொட்டிவிடவும் கூடும். மாலையில் வேட்டை முடித்துத் துப்பாக்கியைக் காலி செய்யும்போது இது நடந்தால் மறுநாள் வேட்டை இல்லை. நான் தாராளமாக இடைவெளி விட்டுத்தான் உட்கார வைக்கிறேன். கூட்டையும் கழுத்தை மட்டும் சுருக்காமல் முழுவதுமாக அளவுக்குக் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு தோட்டாவும் தடையில்லாமல் அறைக்குள் போக வேண்டும், அதற்காக ஓரிரு மில்லிமீட்டர் குரூப்பை விட்டுக்கொடுக்கலாம்.

சரி, எதை மாற்றினால் உண்மையிலேயே பலன் தெரியும்? என் அனுபவத்தில் குண்டை மாற்றுவதுதான் பெரிய மாற்றம். அடுத்தது மருந்து வகை. மருந்தின் எடையை நுணுக்கமாக மாற்றுவதும் உட்காரும் ஆழத்தை மாற்றுவதும் அதற்கு வெகு பின்னால் வரும். ஒவ்வொரு அளவிலும் ஒரு குண்டு மட்டும் சுட்டு, வேகம் ஏறாமல் சமமாக நிற்கும் "மேடு" ஒன்றைத் தேடும் முறை பிரபலம். மேலே சொன்ன கணக்கை அந்த மேட்டின் மேல் போட்டுப் பாருங்கள். அதே சோதனையை மறுபடி செய்தால் மேடு வேறு இடத்தில் நிற்கும். நான் இப்போது இரண்டு மூன்று குண்டு, இரண்டு மருந்து என்று வைத்துக்கொள்கிறேன். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறி, உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே நின்று, பத்துப் பத்தாகச் சுடுகிறேன். எது நன்றாக வருகிறதோ அதோடு நிறுத்திக்கொள்கிறேன். நன்றாக வராத குண்டை நோண்டிக்கொண்டிருப்பதில்லை.

வேக வித்தியாசத்தைப் பற்றிய கவலையும் கொஞ்சம் மிகை. .308 அளவுத் தோட்டாவில் நொடிக்கு 15 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 200 மீட்டரில் குண்டு இறங்கும் அளவு ஒன்றரை செ.மீ. போல மாறும், 300-இல் மூன்று செ.மீ. போல. 20 செ.மீ. வட்டத்தில் இது பெரிய விஷயமில்லை. 500 மீட்டருக்கு மேல் கதை வேறு, ஆனால் அந்தத் தூரத்தில் விலங்கின் மேல் சுடுவதை நான் ஆதரிக்கவில்லை.

வெப்பத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சில மருந்துகள் குளிரில் மந்தமாகவும் வெயிலில் சூடாகவும் எரியும். குளிர்காலத்தில் உச்ச அளவுக்கு ஏற்றி நிரப்பிய தோட்டா, கோடையில் வண்டியில் கிடந்து சூடேறினால் அழுத்தம் எல்லையைத் தாண்டலாம். வெப்பத்துக்கு அதிகம் மாறாத மருந்துகள் கிடைக்கின்றன. வேட்டைக்கு அவையே ஏற்றவை.

பாதுகாப்பு விஷயத்தில் நெளிவுசுளிவுக்கு இடமே இல்லை. .308-க்கு, தோட்டாக்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான சி.ஐ.பி. விதித்த உச்ச அழுத்தம் 4150 பார். அது உங்கள் கன்னத்திலிருந்து சில அங்குலம் தள்ளி உருவாகிறது. பிரைமர் தட்டையாகிறதா, போல்ட் (அறையை மூடும் தண்டு) இறுகுகிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிக்கலாம் என்று சொல்வார்கள். போல்ட் இறுகும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருக்கும். மருந்தும் குண்டும் செய்யும் நிறுவனங்கள் வெளியிடும் கையேட்டை மட்டும் பின்பற்றுங்கள். கடைத் தோட்டாவைப் பிரித்து, உள்ளே உள்ள மருந்தை எடைபோட்டு, அதே எடையில் வேறு மருந்து போடும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். தொழிற்சாலை வாங்கும் மருந்தும் டப்பாவில் விற்கும் மருந்தும் ஒன்றல்ல. மேசை மேல் ஒரே நேரத்தில் ஒரே ஒரு டப்பா. தூக்கம் வரும்போதும் பேச்சுத்துணை இருக்கும்போதும் நிரப்ப வேண்டாம். கூடுகளை உலர்முறையில் மெருகேற்றும்போது கிளம்பும் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கும், குழந்தைகள் புழங்கும் இடத்தில் அதைச் செய்யக் கூடாது.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். ஒரு குண்டு சரிவருமா என்று பார்க்கவே நூறு குண்டுப் பெட்டி வாங்க வேண்டும். சரிவராவிட்டால் அலமாரியில் கிடக்கும். கூடுகள் 5 முதல் 10 முறை தாங்கும், அதற்குள் நீளம் வெட்ட வேண்டும், கழுத்து விரிசலும் அடிப்பக்கம் மெலிவதும் கவனிக்க வேண்டும். தராசு, காலிப்பர் (நீளம் அளக்கும் கருவி), வேகமானி என்று சாமான் சேரும். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு நேரம். அப்புறம், கையால் நிரப்பிய தோட்டாவால் ரைபிளுக்குச் சேதம் வந்தால் வாரன்டி கிடையாது என்று பல ரைபிள் நிறுவனங்கள் தங்கள் கையேட்டிலேயே எழுதிவைத்திருக்கின்றன. பொருள் தட்டுப்பாடும் உண்டு: 2020-க்குப் பிறகு நீண்ட காலம் பிரைமர் கிடைக்காமல் பலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் பயிற்சி முடித்து, வெடிபொருள் சட்டப்படி தனி அனுமதி வாங்கிய பிறகுதான் மருந்தைத் தொடலாம்.

பணம் மிச்சமாகும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. ஒரு தோட்டாவுக்கான செலவு குறையும்தான், முக்கியமாக உயர்தரக் குண்டுகளில் நன்றாகவே குறையும். ஆனால் நிரப்ப ஆரம்பித்தவர்கள் அதிகமாகச் சுடுவார்கள், மொத்தச் செலவு கூடும். அதிகமாகச் சுடுவதால் கை பழகுகிறதே, அதுதான் கையால் நிரப்புவதில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய லாபம்.

நண்பர் நிரப்பிக் கொடுத்த தோட்டாவை ஏன் நான்காவது வழியாகச் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அவருடைய ரைபிளுக்குப் பார்த்து நிரப்பியது உங்கள் அறைக்கு ஏற்றதா என்பது தெரியாது. எவ்வளவு நெருங்கியவர் கொடுத்தாலும் நான் சுடுவதில்லை, யாருக்கும் கொடுப்பதும் இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | சாதாரணக் கடைத் தோட்டா | உயர்தரக் கடைத் தோட்டா | கையால் நிரப்பியது |
|---|---|---|---|
| குரூப் | பல பிராண்டு போட்டுப் பார்த்தால் போதுமானது கிடைக்கும் | உறுதியில்லை, ரைபிளைப் பொறுத்தது | பொறுமை இருந்தால் மூன்றிலும் சிறியது |
| விலங்கில் குண்டின் நடத்தை | நடுத்தர மான்களுக்கு நல்லது | பெரிய விலங்குக்கும் நம்பலாம் | நீங்கள் தேர்ந்தெடுக்கும் குண்டைப் பொறுத்தது |
| மழை, குளிரில் நம்பகம் | மிக நல்லது | மிக நல்லது | நிரப்புபவரின் ஒழுங்கைப் பொறுத்தது |
| அடுத்த வருடமும் அதே தோட்டா | லாட் மாறும் | லாட் மாறும், சில வகை நின்றுபோகும் | பொருள் சேர்த்து வைத்தால் பல வருடம் |
| நேரம் | ஓரிரு நாள் சோதனை | ஓரிரு நாள் சோதனை | மாதங்கள், பிறகு தொடர்ந்து |
| மறைந்த செலவு | லாட் மாறும்போது மறுபடி ஜீரோ | பழகச் சுட மனம் வராது | சாமான், வீணாகும் குண்டு, வாரன்டி |

## யாருக்கு எது

வருடத்துக்கு 40 தோட்டாவுக்குள் சுடுபவர், பொதுவான காலிபர் (தோட்டாவின் அளவு வகை), 200 மீட்டருக்குள் வேட்டை என்றால் முதல் வழிதான். பெரிய விலங்கு, ஈயத் தடை உள்ள இடம், அல்லது தூரப் பயணம் போய்க் கிடைக்கும் ஒரே வாய்ப்பு என்றால் இரண்டாவது வழி. இந்த இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை.

கையால் நிரப்புவதற்கு மூன்று நல்ல காரணங்கள் உண்டு. ஒன்று, கடையில் அரிதாகக் கிடைக்கும் காலிபர், அல்லது தாத்தா விட்டுப்போன பழைய ரைபிள். 6.5×55 என்ற காலிபர் ஒரு நல்ல உதாரணம். 1890களின் பழைய ரைபிள்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதை மென்மையாகவே நிரப்புகின்றன. நவீன ரைபிள் வைத்திருப்பவர், அதற்கென்று வெளியிட்ட கையேட்டு அளவுகளில் நிரப்பி முழுப் பலனையும் பெறலாம். இரண்டு, உதை தாங்காதவர்களுக்கும் புதிதாகப் பழகுபவர்களுக்கும் மென்மையான தோட்டா. கடையில் இது பெரும்பாலும் கிடைப்பதில்லை. உதைக்குப் பயந்து விசையைச் சுண்டும் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது கடினம், அதனால் இந்தக் காரணத்தை நான் குரூப்பைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மூன்று, வருடத்துக்குச் சில நூறு தோட்டா சுடுபவர், எண்ணும் அளவும் நோட்டும் கொண்ட வேலையில் மனம் லயிப்பவர். லயிப்பு இல்லாதவர் இதைக் கடனே என்று செய்யக் கூடாது, கவனம் சிதறக் கூடாத வேலை இது.

இனி, 5 செ.மீ. குரூப்போடு வந்த அந்த வாசகரிடம் வருகிறேன். அந்த 5 செ.மீ. எத்தனை குண்டில் வந்தது? பத்தில் என்றால் 200 மீட்டரில் 10 செ.மீ. ஆகிறது, 20 செ.மீ. வட்டத்தில் உங்களுக்குப் பாதி மிச்சமிருக்கிறது, தோட்டாவை விட்டுவிட்டு முக்காலியில் பழகுங்கள். மூன்றில் என்றால், பத்து சுடும்போது 8 செ.மீ.க்கு வரும். 200 மீட்டரில் அது 16 செ.மீ., கையாட்டத்துக்கு இடமில்லை. அப்படியானால் முதலில் ஸ்கோப் மவுண்ட் திருகுகளையும் ரைபிளின் கட்டையை (பிடிக்கும் பகுதி) இறுக்கும் திருகுகளையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். குழலில் படிந்த பழைய தாமிரத்தைச் சுத்தம் செய்யுங்கள். வேறு வேறு எடையில் மூன்று விதக் கடைத் தோட்டா வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து சுடுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் ஆறிய குழலின் முதல் குண்டைத் தனி நிறத்தில் வட்டமிட்டு வையுங்கள். மூன்றும் 8 செ.மீ.யைவிட்டு இறங்கவில்லை என்றால் ரைபிளை ஒரு நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவர் பார்த்து, ரைபிளில் குறையில்லை என்று சொன்ன பிறகு பிரஸ் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை உங்கள் எல்லை 150 மீட்டருக்குள் இருக்கட்டும்.